மறுநாள் வலி: மலைக்கோட்டைப் படியிலிருந்து மாத்திரை டப்பா வரை

மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் போகிறவர்கள் ஏறும்போதுதான் மூச்சு வாங்குவார்கள். அடிவாரத்தில் மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினால் நானூறுக்கும் மேற்பட்ட படிகள். தாயுமானவர் சன்னதி வருவதற்குள் பாதிப் பேர் சுவரோரம் உட்கார்ந்துவிடுவார்கள். இறங்கும்போது அப்படி யாரும் உட்காருவதில்லை. பேசிக்கொண்டே இறங்கிவிடலாம். சின்னப் பிள்ளைகள் இரண்டிரண்டு படியாகத் தாவியே இறங்கிவிடும்.

கூத்து மறுநாள் காலையில்தான். தொடையும் கெண்டைக்காலும் அடித்துப் போட்டது போல் வலிக்கும். வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்க வேண்டியிருக்கும். "அவ்வளவு படி ஏறினோமே, வலிக்காமல் என்ன செய்யும்?" என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் அந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம் ஏறியது அல்ல, இறங்கியது! இதை விஞ்ஞானம் உறுதியாகச் சொல்வதற்கு ஏறத்தாழ எண்பது வருடங்கள் பிடித்தன. அதற்குள்ளும் அதற்குப் பின்னும், ஒவ்வொரு காலத்திலும் எது காரணம் என்று நம்பப்பட்டதோ அதற்கேற்ற மருந்தும் மாத்திரையும் பவுடரும் வந்துகொண்டே இருந்தன. காரணம் தப்பு என்று தெரிந்த பிறகும் டப்பாக்கள் மட்டும் கடையை விட்டுப் போகவில்லை. தில்லை நகர்ப் பக்கம் ஜிம்முக்குப் போகும் மாணவர்கள் மாதக் கடைசியில் கடன் வாங்கியாவது வாங்கும் அந்த டப்பாக்களின் வரலாறுதான் இது.

முதலில் பழைய கதை. உடற்பயிற்சி செய்து உடம்பு வலிக்கிறது என்பதே ஒருவகையில் புதிய காலத்துப் பிரச்சினை. ஏற்றம் இறைத்தவருக்கும் நாற்று நட்டவருக்கும் தினமும் வேலைதான், அதற்குத் தனியாகப் பயிற்சி என்று பெயர் கிடையாது. அதனால் பழைய ஆவணங்களில் "உடற்பயிற்சி வலிக்கு மருந்து" என்று தேடினால் கிடைக்காது. உடம்பு வலிக்கு மருந்து என்று தேடினால் கிடைக்கும். காஞ்சிபுரம் பக்கம் பாலாற்றங்கரையில் உள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயிலோடு சேர்ந்த 15 படுக்கை மருத்துவமனைக்கு என்னென்ன மருந்து, எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று அதில் பட்டியலே இருக்கிறது. தசமூலம் சேர்ந்த லேகியம், ஆமணக்கு சேர்ந்த தைலங்கள், பழைய நெய் என்று போகும் பட்டியல். இன்றைக்கும் கை கால் பிடிப்புக்கு நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் ஏறக்குறைய இதே பெயர்களில் ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள்.

ஸ்ரீரங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஹொய்சாளர் ஆட்சியில் 13-ம் நூற்றாண்டில் ரங்கநாதர் கோயிலுக்குள்ளேயே ஆரோக்கியசாலை ஒன்று ஏற்பட்டது. பிறகு வந்த படையெடுப்பில் அது அழிந்தது. 1493-ல் கருடவாகன பட்டர் அதை மீண்டும் எடுத்துக் கட்டி, தன்வந்திரியையும் பிரதிஷ்டை செய்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அந்தத் தன்வந்திரி சன்னதி இன்றும் இருக்கிறது. அங்கே பிரசாதமாகக் கொடுப்பது மூலிகைக் கஷாயம். உடம்பு நோவுக்கு உள்ளுக்கு எதையாவது சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே தைலம், உள்ளே உளுந்தங்களி, சுக்கு, மிளகும் மஞ்சளும் போட்ட பால். வீட்டு வைத்தியம் இதோடு முடிந்துவிடும். ஏன் வலிக்கிறது என்று யாரும் ஆராய்ச்சி பண்ணவில்லை.

ஆராய்ச்சி பண்ணியது மேல்நாடு. 1902-ல் தியோடர் ஹவ் என்ற அமெரிக்கர், ஒரே விரலைத் திரும்பத் திரும்ப மடக்க வைத்து வேலை வாங்கும் எர்கோகிராஃப் என்ற கருவியை வைத்துச் சோதனை செய்தார். வேலை செய்யும்போதே வரும் சோர்வு வேறு, பல மணி நேரம் கழித்து வரும் வலி வேறு என்று பிரித்துச் சொன்னார். இரண்டாவது வலிக்குக் காரணம் தசைக்குள்ளேயே ஏதோ நுண்ணிய கிழிசல் ஏற்படுவதுதான் என்பது அவர் முடிவு. இன்றைக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது, மனிதர் முதல் பந்திலேயே ஏறக்குறைய சரியாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அதைவிடக் கவர்ச்சியான இன்னொரு கதை ஐந்தே வருடத்தில் வந்துவிட்டது. அதுதான் லாக்டிக் அமிலம். ஸ்வீடனின் ஷீலே 1780-ல் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள். 1907-ல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும், களைத்துப்போன தவளைத் தசையில் லாக்டிக் அமிலம் சேருகிறது, ஆக்சிஜன் கொடுத்தால் மறைகிறது என்று காட்டினார்கள். தசையின் வேதியியலுக்காக ஏ.வி.ஹில்லுக்கும் ஓட்டோ மேயர்ஹோஃபுக்கும் 1922-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இவர்கள் ஆராய்ந்தது தசை வேலை செய்யும்போது நடப்பதை. மறுநாள் வலியைப் பற்றி அல்ல. ஆனால் அது விளையாட்டு மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது "தசையில் ஆசிட் தேங்கி நிற்கிறது, அதனால்தான் வலிக்கிறது" என்று மாறிவிட்டது. எத்தனையோ பி.டி. மாஸ்டர்கள் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள்.

அமிலம் என்றால் மருந்து காரம்தானே? அந்தக் காலத்தில் அதையும் பார்த்துவிட்டார்கள். 1931-ல் ஹார்வர்டில் சமையல் சோடாவைக் கொடுத்து வேலைத்திறன் கூடுகிறதா என்று சோதித்தார்கள். அதாவது ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு! சில நிமிடங்களில் முடியும் வேகமான ஓட்டத்துக்கு அது கொஞ்சம் உதவுகிறது என்பது பின்னால் பல சோதனைகளில் தெரிந்தது. மறுநாள் வலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. காரணம் சாதாரணமானது. ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் லாக்டேட் அளவு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வலியோ அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்து, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகிறது. திருடன் ஊரை விட்டுப் போன பிறகு நடந்த திருட்டுக்கு அவனைப் பிடித்து என்ன பிரயோஜனம்?

இந்தக் கதையை உடைத்த சோதனைகள்தான் மலைக்கோட்டைக்காரர்களுக்கு ரொம்பப் பொருத்தமானவை.

1952-ல் ஆபட், பிரெண்டா பிக்லண்ட், ரிட்சி என்ற மூவர் இங்கிலாந்தில் இரண்டு சைக்கிள்களை ஒன்றுக்கொன்று முதுகுகாட்டி நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் வழக்கம்போல் பெடலை மிதிக்க வேண்டும். மற்றவர் தன் பக்கம் பின்னோக்கிச் சுழலும் பெடலைத் தடுத்து நிறுத்தப் பார்க்க வேண்டும். இரண்டு கால்களிலும் விசை ஒன்றேதான். ஆனால் தடுப்பவர் செலவழித்த ஆக்சிஜன் மிகவும் குறைவு. இதை லண்டனில் ராயல் சொசைட்டியில் செய்து காட்டியபோது, உருவத்தில் சிறியவரான பிக்லண்ட் சும்மா தடுத்துக்கொண்டிருந்தே பெரிய உருவமான ரிட்சியைக் களைப்படைய வைத்துவிட்டாராம். தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்வது ஒரு வகை, இழுபட்டு நீண்டுகொண்டே எடையைத் தாங்குவது இன்னொரு வகை என்பது இதில் பளிச்சென்று தெரிந்தது. படி ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் முழு எடையையும் பிரேக் போட்டது போல் பிடித்துக்கொள்கிறது. செலவு குறைவு என்பதால்தான் இறக்கம் சுலபமாகத் தெரிகிறது.

1983-ல் லண்டனில் நியூஹாமும் சகாக்களும் இதைவிட எளிமையாக ஒன்று செய்தார்கள். ஒரு படியில் 20 நிமிடம் ஏறி ஏறி இறங்க வேண்டும். நிபந்தனை, எப்போதும் ஒரே காலால் ஏற வேண்டும், இன்னொரு காலால்தான் இறங்க வேண்டும். மறுநாள் ஒரு கால்தான் வலித்தது. இறங்கிய கால்! அதே வருடம் அமெரிக்காவில் ஷ்வேன் குழுவினர் ஒரு கூட்டத்தைச் சமதளத்திலும் இன்னொரு கூட்டத்தைச் சரிவிலும் ஓடவிட்டார்கள். சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டிக் அமிலம் ஏறியது, வலி பெரிதாக வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு அமிலம் ஏறவே இல்லை, வலி வந்தது. இரண்டு வருடம் முன்பு, 1981-ல், ஸ்வீடனில் ஃப்ரீடன் குழுவினர் மாடிப்படிகளில் திரும்பத் திரும்ப இறங்கி ஓட வைத்து, கெண்டைக்கால் தசையில் ஒரு துணுக்கை எடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தார்கள். தசை இழையின் கட்டங்களைப் பிரிக்கும் கோடுகள் அங்கங்கே கலைந்து கிடந்தன. 1902-ல் ஹவ் சொன்னதற்கு எழுபத்தொன்பது வருடம் கழித்துப் படம் கிடைத்தது. கிழிசல் மட்டுமே வலி இல்லை, அதைத் தொடர்ந்து தசையில் சுரக்கும் சில பொருட்கள் நரம்பு நுனிகளைக் கூச்சப்படுத்துகின்றன என்று பின்னால் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, அமிலக் கதை முடிந்தது.

ஆனால் வியாபாரம் முடியவில்லை. கதை மாறியதும் டப்பாவில் ஒட்டும் லேபிளும் மாறியது. கிழிசல் என்றால் ஒட்டுப் போட அமினோ அமிலம் வேண்டுமே, அதற்கு பி.சி.ஏ.ஏ. வந்தது. லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்றும்தான் அது. பாலிலும் முட்டையிலும் பருப்பிலும் இருப்பவையே. வீக்கமும் ஆக்சிஜன் கழிவும்தான் வலிக்குக் காரணம் என்ற பேச்சு வந்ததும் ஆன்டி-ஆக்சிடன்ட் என்ற சொல் பிரபலமானது. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, புளிப்புச் செர்ரிச் சாறு, மாதுளைச் சாறு என்று வரிசையாக வந்தன. 1992-ல் தினம் 3 கிராம் வைட்டமின் சி கொடுத்த ஒரு சோதனையில் கெண்டைக்கால் வலி குறைந்ததாக முடிவு வந்தது. பிறகு செய்த வேறு சோதனைகளில் அந்த முடிவு நிற்கவில்லை.

இந்த வரிசையில் நம்மூருக்கு நெருக்கமானது மஞ்சள். இதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இருவரின் பெயரில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இருவருமே இந்திய வம்சாவளியினர். இந்திய அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் தேடி எடுத்து எதிர்த்தது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. பாட்டி வைத்தியம் ஜெயித்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் அதிகம் பேசாத விஷயம். மஞ்சளுக்குள் இருக்கும் குர்குமின் என்ற பொருளை மட்டும் பிரித்து மாத்திரையாக்கி, பல மடங்கு விலைக்கு அதே வெளிநாட்டு டப்பாவில் நமக்கே விற்க ஆரம்பித்தார்கள். காப்புரிமை இல்லாமலேயே!

குர்குமினில் ஒரு சிக்கல் உண்டு. வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த அளவு 2000 சதவீதம் கூடியது. மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போடும் பழக்கத்துக்கு இது நல்ல விளக்கம்தான். ஆனால் இதைக் கேட்டதும் துள்ளிக் குதிப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 3 கிராம் வரும் ஒரு சின்ன ஸ்பூன் மஞ்சளில் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. அந்தச் சோதனையில் கொடுத்தது 2000 மில்லிகிராம். பாலில் போடும் சிட்டிகை எந்த மூலைக்கு? தசை வலிக்குக் குர்குமின் கொடுத்துச் செய்த சோதனைகளில் சிலவற்றில் வலி ஓரளவு குறைந்தது, சிலவற்றில் இல்லை. எல்லாமே சிறிய கூட்டங்களில் செய்தவை. அதனால் "பாட்டி சொன்னதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று ஃபார்வர்டில் வருவதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சுக்கின் கதை கொஞ்சம் தேவலை. 2010-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் தினம் 2 கிராம் இஞ்சியை 11 நாட்கள் கொடுத்து, நடுவில் கைத்தசைக்குக் கடும் பயிற்சி கொடுத்தார்கள். மறுநாள் வலி சுமார் 25 சதவீதம் குறைந்தது. 2 கிராம் என்பது அடுப்படியில் நிஜமாகவே புழங்கும் அளவு. கவனிக்க வேண்டியது, வலி வந்த பிறகு குடித்த சுக்குக் காபி அல்ல இது. நாள் கணக்காக முன்பிருந்தே சாப்பிட்டது.

சரி, மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால்? 2017-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு நிறுவனம் அதைச் செய்தது. ஆன்டி-ஆக்சிடன்ட் வகைகளை வைத்துச் செய்த 50 சோதனைகள், 1089 பேர். வலி குறைந்தது உண்மைதான், ஆனால் குறைந்த அளவு அவ்வளவு சிறியது, வலிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியுமா என்பதே சந்தேகம் என்பதுதான் முடிவு. அந்த 1089 பேரில் பெண்கள் 128 பேர் மட்டுமே என்பது இன்னொரு சோகம். மகளிர் கல்லூரி விளையாட்டு வீராங்கனைகளுக்கும் இதே டப்பாவைத்தான் சிபாரிசு செய்கிறார்கள்.

பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் இல்லையே என்று கேட்கலாம். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2009-ல் ஜெர்மனியில் ரிஸ்டோவ் குழுவினர் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்கு தினம் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. சாப்பிட்டவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. பயிற்சியால் உண்டாகும் அந்தச் சின்னத் தொந்தரவுதான் உடம்பைத் தேறச் சொல்லும் செய்தி. மாத்திரை அந்தச் செய்தியையே அழித்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். காசு கொடுத்து வாங்கிய மாத்திரை, வியர்வை சிந்திச் சேர்த்ததைக் கரைக்கிறது!

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டப்படி இந்த வகைப் பொருளை விற்பதற்கு முன்னால் பலன் உண்டு என்று அரசிடம் நிரூபிக்கத் தேவையில்லை. உலகச் சந்தை பெருத்ததற்கு அந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம். இந்தியாவில் 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2016-ல் இவற்றுக்கெனத் தனி விதிகள் வந்தன. விதிகள் வந்த பிறகும் நிலைமை எப்படி? 2024-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களை வாங்கிப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ 70 சதவீத டப்பாக்களில் புரோட்டீன் அளவு லேபிளில் போட்டபடி இல்லை. சிலவற்றில் பாதிக்கும் குறைவு. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின் இருந்தது. ஓட்டப்பந்தயக்காரர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். லேபிளில் போடாத தடை செய்யப்பட்ட பொருள் ஏதாவது கலந்திருந்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லி முழுசாகத் தப்பிக்க ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளில் சுலபமான வழி இல்லை. அண்ணா விளையாட்டரங்கத்தில் விடியற்காலையில் ஓடும் ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு ரயில்வே வேலையோ போலீஸ் வேலையோ அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் இந்த வலிக்கு எதுதான் பலன் கொடுக்கிறது? முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். அதே பயிற்சியைச் சில நாட்கள் கழித்து இரண்டாம் முறை செய்தால் வலி கணிசமாகக் குறைகிறது. சோதித்த எந்த மாத்திரையும் கொடுக்காத அளவுக்குக் குறைகிறது. முதல் தடவை நிறையக்கூடச் செய்ய வேண்டியதில்லை. கொஞ்சம் செய்து விட்டாலே தசை அடுத்த முறைக்குத் தயாராகிவிடும்.

ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளைச் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளைப் பார்த்தால் இது விளங்கும். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் பகல் பத்து, இராப் பத்து என்று இருபது நாளுக்கு மேல் புறப்பாடு. தோளில் பாரம், அதோடு நின்று நிதானித்து, சாய்ந்து, அசைந்து வைக்கும் நடை வேறு. பல்லக்குக்குப் பெயரே தோளுக்கினியான்! வெளியூரிலிருந்து வந்த பலசாலி ஒருவரை ஒரு நாள் அந்தத் தண்டைப் பிடிக்கச் சொன்னால் மறுநாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். இவர்களுக்கோ வருடம் முழுவதும் ஏதாவது ஒரு புறப்பாடு இருந்துகொண்டே இருக்கிறது. தசை மறப்பதற்கு இடமே கிடையாது.

மறப்பதற்கும் ஒரு காலக் கணக்கு இருக்கிறது. 2001-ல் நோசாகா குழுவினர் கைத்தசையில் இதைச் சோதித்தபோது, ஒரு முறை கிடைத்த பாதுகாப்பு சுமார் ஆறு மாதம் வரை தாங்கியது. ஒன்பது மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் போய்விட்டது. பிள்ளையார் சதுர்த்தி அன்று மலைக்கோட்டையில் 150 கிலோ கொழுக்கட்டை செய்து, பாதியை மாணிக்க விநாயகருக்கும் பாதியைத் தூளி கட்டி உச்சிக்குச் சுமந்துபோய் உச்சிப்பிள்ளையாருக்கும் படைப்பார்கள். அன்றைக்கு மட்டும் மலையேறும் குடும்பங்கள் திருச்சியில் நிறைய உண்டு. சதுர்த்திக்குச் சதுர்த்தி ஏறக்குறையப் பன்னிரண்டு மாதம். தசை எல்லாவற்றையும் மறந்து முடித்திருக்கும் நேரம் பார்த்துத்தான் அவர்கள் மறுபடியும் படியில் கால் வைக்கிறார்கள்.